லாங் ஸ்டாப்புல நிக்கிறவன்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டல. ஆணி அதிகம். அந்த ஆணியைப் பத்தியும் கீழ வருது, ஆனா இது முக்கியமா ஒரு விளையாட்டுப் பதிவு. அமெரிக்கன் ஃபுட்பால். "கையில தூக்கிட்டு ஓடுற பந்துக்கு எதுக்குடா ஃபுட்பால்னு பேரு"ன்னு கேக்கறவங்க கேட்டு முடிச்சுட்டு வாங்க, காத்திருக்கேன். 2023-ல சின்சினாட்டியில வந்து இறங்கினப்ப நானும் அதைத்தான் கேட்டேன்.

2025 அக்டோபர் 26-ஆம் தேதி எங்க ஊரு டீம் சின்சினாட்டி பெங்கால்ஸ் 38 புள்ளி எடுத்துச்சு. எதிர்ல ஆடின நியூயார்க் ஜெட்ஸ் அதுவரைக்கும் ஏழு ஆட்டம் ஆடி ஏழுலயும் தோத்த டீம். அவங்க 39 எடுத்துட்டாங்க. சரி, கண்ணு பட்டுடுச்சுன்னு விட்டா, அடுத்த ஞாயிறு, நவம்பர் 2, சிகாகோ பேர்ஸ் கூட 42 புள்ளி. அதுலயும் தோல்வி, 47-42. நம்ம கணக்குல சொன்னா, ரெண்டு மேட்ச்லயும் 350 அடிச்சுட்டு தோக்கற மாதிரி. ஒரு தடவைன்னா பரவாயில்ல, அடுத்தடுத்து ரெண்டு வாரம்!

ஏன் இப்படின்னு கேட்டா ஊர்ல ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்லுவாங்க. எனக்குத் தெரிஞ்ச காரணம் ஒண்ணுதான். சேஃப்டி.

சேஃப்டின்னா ஒரு இடத்தோட பேரு. டிஃபென்ஸ்ல 11 பேரு. முன்னாடி மலை மாதிரி நாலு பேரு முட்டிக்கிட்டு நிப்பாங்க, அவங்களுக்குப் பின்னாடி லைன்பேக்கருங்க, ஓரத்துல கார்னர்பேக்குங்க. இவங்க எல்லாருக்கும் பின்னாடி, பத்துப் பதினஞ்சு யார்டு தள்ளி, வெட்டவெளியில ரெண்டு பேரு நிப்பாங்க பாருங்க, அவங்கதான். (இதே ஆட்டத்துல சேஃப்டின்னு ரெண்டு புள்ளிக்கு ஒரு சமாச்சாரமும் இருக்கு. 2014 சூப்பர் பவுல்ல ஆட்டம் ஆரம்பிச்சு 12-ஆவது செகண்டுல சியாட்டில் அதுலதான் கணக்கைத் தொடங்குச்சு. அது வேற, இது வேற. என்னை மாதிரி குழம்பாதீங்க.)

தெரு கிரிக்கெட்ல கீப்பருக்குப் பின்னாடி ஒரு பொடியனை நிக்க வைப்போமே, லாங் ஸ்டாப்பு, கிட்டத்தட்ட அந்த உத்தியோகம். பந்து அவன்கிட்ட வந்துச்சுன்னா ஏற்கெனவே ஒருத்தன் கோட்டை விட்டாச்சுன்னு அர்த்தம். பிடிச்சா ஒருத்தனும் கை தட்ட மாட்டான். விட்டா எல்லாரும் திரும்பி அவனைத்தான் பார்ப்பாங்க. அவனுக்குப் பின்னாடி இருக்கறது சாக்கடை மட்டும்தான்.

எனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது எங்க டீம்ல இருந்த ஒரு பெரியவர். அமெரிக்கர், அப்ப வயசு 58. எங்களுக்குள்ள 'தாத்தா'ன்னுதான் சொல்லிக்குவோம். நிஜமாவே பேரன் இருக்கான், அதனால தப்பில்ல :-) பொறந்ததே சின்சினாட்டியிலதான், பெங்கால்ஸ்னா உசுரு. 2023 அக்டோபர்ல என்னை ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டுப் போனார். சியாட்டில் கூட ஆட்டம். டிக்கெட் எங்கன்னு பார்த்தா கூரைக்குப் பக்கத்துல. கீழ ஆடறவங்க கேரம் காய் மாதிரி தெரியறாங்க, அந்தப் பக்கம் ஒஹையோ ஆறு, ஆத்துக்கு அக்கரையில கென்டக்கி. 'நல்லா மிச்சம் பிடிக்கிறார் மனுஷன்'னு நினைச்சேன். அவர் என் மூஞ்சியைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டார் போல.

"இங்க இருந்துதான் ஆட்டம் முழுசாத் தெரியும். பந்தைப் பார்க்காத. பின்னாடி நிக்கிற ரெண்டு பேரை மட்டும் பாரு. டிவியில அவங்களைக் காட்டவே மாட்டான்"னார்.

அது உண்மைங்க. அடுத்த தடவை டிவியில பார்க்கும்போது கவனிச்சுப் பாருங்க. கேமரா பந்தைச் சுத்தியேதான் இருக்கும். ஸ்நாப் ஆகறதுக்கு முன்னாடி சேஃப்டி ரெண்டு பேரும் பாதி நேரம் ஃப்ரேமுக்கு வெளிய நிப்பாங்க. டிவியில ஒரு சேஃப்டியை நீங்க முழுசாப் பார்க்கறீங்கன்னா, ஒண்ணு அவன் பந்தைப் பிடுங்கியிருக்கணும், இல்ல எவனோ ஒருத்தன் முதுகைத் துரத்திக்கிட்டு ஓடிட்டு இருக்கணும். நல்லா வேலை செஞ்ச மத்த 60 தடவையும் அவன் உங்க டிவியிலயே கிடையாது.

அன்னைக்கு ரெண்டு குவார்ட்டர் அவங்களை மட்டுமே பார்த்தேன். ரொம்ப போரா இருக்கும்னு நினைச்சேன், இல்ல. ரெண்டு பேரும் சும்மா நிக்கறதில்ல. எதிர் டீம் குவார்ட்டர்பேக் பார்க்கறான்னு தெரிஞ்சே ரெண்டு பேரும் பின்னாடி நிக்கற மாதிரி ஒரு வேஷம். பந்து கிளம்பற நொடியில ஒருத்தன் முன்னாடி இறங்கறான், இன்னொருத்தன் நடுவுல போறான். கையைக் காட்டி முன்னாடி இருக்கறவங்களுக்கு ஏதோ கத்தறான். ஒருத்தன் பந்தோட கிளம்பிட்டா இவன் நேரா அவனைப் பார்த்து ஓடறதில்ல. அவன் எங்க வந்து சேருவானோ அந்த இடத்தைப் பார்த்து ஓடறான். தாத்தா ஒரே விஷயத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்: சேஃப்டிக்கு வேகத்தை விட கோணம் முக்கியம். பந்து எப்பவும் உனக்கு முன்னாடி இருக்கணும். ஓரத்துல இருந்து உள்ள தள்ளு, உள்ள இன்னொருத்தன் இருப்பான். மோதறதுக்கு முன்னாடி குட்டிக் குட்டியா அடி வச்சு வேகத்தைக் குறை, அப்புறம் கட்டிப் பிடி. இடிக்காத. இடிச்சா ஹைலைட்ஸ்ல வரும், கட்டிப் பிடிச்சாத்தான் ஆளு விழுவான்.

அந்த ஆட்டம் பெங்கால்ஸ் 17-13னு ஜெயிச்சாங்க. ஆனாலும் தாத்தா முகத்துல சுரத்தே இல்ல. "இந்த ரெண்டு பேரும் நல்ல பசங்கதான். ஆனா ஒருத்தனை ஒருத்தன் திரும்பிப் பார்த்துக்கறானுங்க பாரு. பேட்ஸும் பெல்லும் பார்த்துக்கவே மாட்டானுங்க"ன்னார்.

இந்த இடத்துல லேசா ஒரு கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஜெஸ்ஸி பேட்ஸ், வான் பெல். 2020-ல இருந்து 2022 வரைக்கும் மூணு சீசன் பெங்கால்ஸுக்குப் பின்னாடி நின்ன ரெண்டு பேரு. 2022 ஜனவரி 30, கன்சாஸ் சிட்டியில ஏ.எஃப்.சி. இறுதி ஆட்டம். பெங்கால்ஸ் ஒரு கட்டத்துல 21-3னு பின்னாடி. அப்ப டிஃபென்ஸ் கோச் லூ அனருமோ. ரெண்டாவது பாதியில மூணே பேரை முன்னாடி அனுப்பிட்டு எட்டுப் பேரைப் பின்னாடி இறக்கினார். பேட்ரிக் மஹோம்ஸுக்கு எவனும் ஃப்ரீயா இருக்கற மாதிரியே தெரியல. அந்தப் பாதி முழுக்க கன்சாஸ் சிட்டி எடுத்தது மூணே புள்ளி. 24-24னு ஓவர்டைம். முதல்ல பந்து மஹோம்ஸ் கையில. அதுக்கு முந்தின வாரம் பஃபலோ கூட இதே மாதிரி பந்து கிடைச்சு ஆட்டத்தை முடிச்சவர் அவர். டைரீக் ஹில்லுக்கு நீளமா ஒண்ணு போட்டார். பேட்ஸ் கையை நீட்டித் தட்டினான், தட்டின பந்து கீழ விழறதுக்குள்ள பெல் பிடிச்சான். ஒரு சேஃப்டி தட்டி இன்னொரு சேஃப்டி பிடிச்சது. அப்புறம் மெக்ஃபர்சன் ஃபீல்டு கோல் அடிக்க 27-24. 33 வருஷம் கழிச்சு பெங்கால்ஸ் சூப்பர் பவுலுக்குப் போச்சு. தாத்தா அன்னைக்கு அழுததா அவங்க வீட்டம்மா சொன்னாங்க. அவர் மறுத்துட்டார்.

2023 மார்ச்சுல ரெண்டு பேரும் ஒரே சமயத்துல கிளம்பிட்டாங்க. பேட்ஸ் அட்லாண்டாவுக்கு, நாலு வருஷம், சுமார் 6.4 கோடி டாலர். பெல் கரோலினாவுக்கு. பெங்கால்ஸ் ஓனர் பக்கத்து நியாயமும் இருக்கு, இல்லேன்னு சொல்லல. ஜோ பர்ரோவுக்குப் பெரிய சம்பளம் வரப்போகுது (அந்த செப்டம்பர்லயே 5 வருஷத்துக்கு 27.5 கோடி டாலர் கையெழுத்தாச்சு). பர்ரோ அடி வாங்காம இருக்கணும். அதனால அதே மார்ச்சுல ஆர்லாண்டோ பிரவுன்னு ஒரு லெஃப்ட் டேக்கிளை எடுத்தாங்க. எவ்வளவுக்குத் தெரியுமா? நாலு வருஷம், சுமார் 6.4 கோடி டாலர். அச்சு அசல் பேட்ஸுக்கு அட்லாண்டா குடுத்த அதே தொகை. பட்ஜெட் மீட்டிங்ல உக்காந்திருந்தவங்களுக்கு நியாயமான முடிவாத்தான் பட்டிருக்கும். சேஃப்டி எப்ப வேணா கிடைப்பான், விலையும் கம்மி. டாக்ஸ் ஹில்னு முதல் ரவுண்டுல எடுத்த பையன் ஏற்கெனவே பெஞ்சுல இருக்கான். கூட நிக் ஸ்காட்னு வெளிய இருந்து ஒருத்தர். ரெண்டு போச்சு, ரெண்டு வந்துச்சு. எக்செல்ல கூட்டிப் பார்த்தா சரியா வரும்.

சரியா வரல. அட்லாண்டாவுக்குப் போன பேட்ஸ் முதல் ஆட்டத்துலயே ரெண்டு பந்தைப் பிடுங்கினான், அந்த சீசன் முடியும்போது ஆறு. இங்க ஸ்காட் பாதி சீசன்ல இடத்தை ஜோர்டன் பேட்டில்னு ஒரு புதுப் பையன்கிட்ட விட்டார். 2024-ல ஹில்லை கார்னருக்கு மாத்தினாங்க. பெல்லைத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க, ஆனா கால்ல பழைய ஓட்டம் இல்ல. பால்டிமோர்ல இருந்து ஜீனோ ஸ்டோனை எடுத்தாங்க. 2023-ல ஏழு இன்டர்செப்ஷன், நம்பர் பிரமாதம். ஆனா அந்த வருஷம் பால்டிமோர்தான் லீக்லயே ரொம்பக் குறைவாப் புள்ளி விட்ட டீம். முன்னாடி நிக்கிறவங்க குவார்ட்டர்பேக்கை நிம்மதியா விட மாட்டாங்க, பக்கத்துல கைல் ஹாமில்டன் மாதிரி ஒருத்தர். அந்த ஏழுல எத்தனை ஸ்டோனோடது, எத்தனை மத்த பத்துப் பேரோடதுன்னு நம்பர் சொல்லாது.

அப்புறம் நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2024-ல பர்ரோ 4,918 யார்டு, 43 டச் டவுன், லீக்ல ரெண்டுலயும் முதல். ஜமார் சேஸ் கேட்ச், யார்டு, டச் டவுன் மூணுலயும் முதல். டிஃபென்ஸ்ல கூட ட்ரே ஹென்ட்ரிக்ஸன் 17.5 சாக் எடுத்து அதுலயும் லீக்ல முதல். இவ்வளவு முதல் வச்சுக்கிட்டு ப்ளேஆஃப் போகல, 9 வெற்றி 8 தோல்வி. வாஷிங்டன் கூட 33 புள்ளி எடுத்து தோல்வி, பால்டிமோர் கூட 38 எடுத்து தோல்வி, மறுபடி அதே பால்டிமோர் கூட 34 எடுத்து ஒரே ஒரு புள்ளியில தோல்வி, பிட்ஸ்பர்க் கூட 38 எடுத்து தோல்வி. டென்னசி கூட ஒரு ஆட்டத்துல பேட்டில் பந்தோட தனியா ஓடிப்போய், கோட்டைத் தொடறதுக்கு முன்னாடியே பந்தைக் கை நழுவ விட்டார். நல்ல வேளை அதுல ஜெயிச்சாங்க, அதனால சிரிக்க முடிஞ்சுது. 2025 ஜனவரியில அனருமோவை வேலையை விட்டுத் தூக்கினாங்க. மஹோம்ஸை மூணு புள்ளியில நிறுத்தின அதே அனருமோ.

தாத்தா அப்ப சொன்னது: "கோச்சு போட்ட வேஷம் அதேதான். வேஷம் கட்டற ஆளுங்கதான் இல்ல."

இதுவரைக்கும் விளையாட்டு. இனிமே கொஞ்சம் சொந்தக் கதை. பிடிக்காதவங்க கடைசிப் பத்திகளுக்குத் தாவிடலாம்.

2025 ஏப்ரல். எங்க டமேஜர் என்னைக் கூப்பிட்டு, டீம்ல யார் யார் ஆறு மாசத்துல எத்தனை டிக்கெட் முடிச்சாங்கன்னு ஒரு ஷீட் வேணும்னார். எதுக்குன்னு சொல்லல. எதுக்குன்னு தெரியாத அளவுக்கு நானும் பச்சைக் குழந்தை இல்ல. பொட்டி தட்டுறவங்க எல்லாருக்கும் அந்த வாசனை தெரியும். போட்டேன். நல்லாவே போட்டேன், பைவட் எல்லாம் வச்சு, கலர் குடுத்து. நான் 94. தாத்தா 11.

உண்மையைச் சொல்றேன், அந்த 94-ஐப் பார்த்தப்ப எனக்கு ஒரு சின்ன சந்தோஷம் வந்துச்சு.

டமேஜர் அந்த 11 மேல கர்சரை வச்சுக்கிட்டு, "இவர் என்னதான் பண்றார்?"னு கேட்டார். மிரட்டல் எல்லாம் இல்ல, நிஜமாவே தெரிஞ்சுக்கக் கேட்டார். எனக்குத் தெரியும்னு சொல்ற அளவுக்குத் தெரியாது. ஆனா ஒண்ணுமே தெரியாதுன்னும் சொல்ல முடியாது. ஒவ்வொரு ரிலீஸுக்கு முன்னாடியும் மனுஷன் காபி கப்போட என் டெஸ்க்குக்கு வந்து ஒரே ஒரு கேள்வி கேப்பார். "அந்த ஃபைல் காலியா வந்தா என்ன ஆகும்?" அந்த மாதிரி. நான் முறைச்சுக்கிட்டே போய் கோடை மாத்துவேன். அதுக்கெல்லாம் டிக்கெட் கிடையாது. அவர் கேட்டதால வராமப் போன டிக்கெட் எத்தனைன்னு காட்டற பைவட்டை இன்னும் எவனும் கண்டுபிடிக்கல.

இதைச் சொல்லியிருக்கலாம். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நான் சொன்னது, "சரியாத் தெரியலங்க."

ரெண்டு வாரத்துல ஒரு அட்டைப் பெட்டியோட போயிட்டார். ரிசோர்ஸ் ஆப்டிமைசேஷனாம். கேன்டீன்ல கேக் வெட்டினாங்க.

இப்ப நவம்பர் 2-க்கு வரேன். அன்னைக்கு மதியம்தான் சிகாகோ ஆட்டம். அதுக்கு முன்னாடி அன்னைக்கு விடியக்காலை ஒண்ணு இருக்கு. இங்க நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளுவாங்க. ராத்திரி 2 மணி ஆனதும் மறுபடி 1 மணி ஆயிடும். அதாவது அன்னைக்கு 1:30 ரெண்டு தடவை வரும். மத்தவங்களுக்கு ஒரு மணி நேரம் கூடத் தூக்கம். எங்க சிஸ்டத்துல தினமும் 1:30-க்கு ஓடற ஒரு பேட்ச் ஜாப் இருக்கு. கடைகளுக்கு எவ்வளவு பால், ரொட்டி, முட்டை அனுப்பணும்னு கணக்குப் போட்டு கிடங்குக்கு அனுப்பும். அதை ஓட்டற ஷெட்யூலர் கிழடு, உள்ளூர் நேரம் பார்த்துத்தான் ஓட்டும். 1:30 ஆச்சா, ஓட்டு. மறுபடி 1:30 ஆச்சா, மறுபடி ஓட்டு.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போன். கிடங்குல இருந்து ஒருத்தர், ரொம்ப மரியாதையா, "இன்னைக்கு ஏதாவது பண்டிகையா? எல்லாக் கடையும் ரெண்டு மடங்கு பால் கேக்குது"ன்னார். லாரி ஏழு கிளம்பிடுச்சு.

அவ்வ்வ்வ்வ். லாக்கைத் திறந்து பார்த்தேன், ஜாப் ரெண்டு தடவை ஓடியிருக்கறது தெரியுது. ஆனா போன வருஷம்? அதுக்கு முந்தின வருஷம்? இதே ராத்திரி, இதே ஜாப், ஒண்ணும் ஆகல. ஏன் ஆகலன்னு எந்த டாக்குமென்ட்லயும் இல்ல. பழைய லாக்கைத் தோண்டினேன். 2024 நவம்பர் 3, ராத்திரி. முதல் 1:30-க்கு ஜாப் ஓடியிருக்கு. ரெண்டாவது 1:30-க்குப் பத்து நிமிஷம் முன்னாடி யாரோ அதை ஹோல்டுல போட்டிருக்காங்க. 1:45-க்கு எடுத்திருக்காங்க. தாத்தாவோட ஐடி. 2023-லயும் அதேதான், 2022-லயும். லாக் இருக்கற வரைக்கும் பின்னாடி போனேன், எல்லா வருஷமும்.

டிக்கெட் இல்ல. ஓவர்டைம் எழுதல. சனிக்கிழமை ராத்திரி முழிச்சிருந்து ஒரு பட்டனைத் தட்டி, 25 நிமிஷம் கழிச்சு இன்னொரு பட்டனைத் தட்டிட்டுத் தூங்கப் போயிருக்கார்.

4:40-க்கு அவருக்கு போன் போட்டேன். வேலையை விட்டு அனுப்பின ஆளுக்கு விடியக்காலையில போன் போடறது எவ்வளவு கேவலம்னு தெரிஞ்சுதான் போட்டேன். ரெண்டாவது ரிங்லயே எடுத்தார். "ஒண்ணரைக்கு எனக்கே முழிப்பு வந்துடுச்சு, பழக்கம். நீ கூப்பிடுவியோன்னு நினைச்சேன்"னார். ரெண்டாவது ஃபைலை எப்படி ரத்து பண்றது, கிடங்குல யார்கிட்டச் சொன்னா லாரி திரும்பும், எந்த டேபிளைத் தொடக் கூடாது, எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம். ஏழுல அஞ்சு லாரி திரும்பிடுச்சு. ரெண்டு லாரிப் பால் போச்சு. போனை வைக்கும்போது, "மதியம் ஆட்டம் பார்ப்பல்ல?"ன்னு கேட்டார்.

பார்த்தேன். தூங்காத கண்ணோட சோஃபாவுல சாஞ்சுக்கிட்டு. பர்ரோ கால்ல அடிபட்டு வெளிய. அவருக்குப் பதில் அக்டோபர்ல க்ளீவ்லாண்ட்ல இருந்து வந்த ஜோ ஃப்ளாக்கோ, வயசு 40. தோள்பட்டையில வலியோட ஆடினார், 470 யார்டு, நாலு டச் டவுன். ரெண்டு நிமிஷம்கூட மிச்சம் இல்லாதப்ப பெங்கால்ஸ் 41-27னு பின்னாடி. பாதி ஸ்டேடியம் கார் பார்க்கிங்குக்குப் போயாச்சு. ஒரு டச் டவுன், கூடவே ரெண்டு புள்ளி. அப்புறம் ஆன்சைடு கிக், அதையும் இவங்களே பிடிச்சாங்க. மறுபடி டச் டவுன். 42-41! மிச்சம் 54 செகண்டு. நான் சோஃபா மேல நின்னேன்.

ஒரு விஷயம் சொல்ல விட்டுட்டேன். இந்த ஃப்ளாக்கோ யாரு? 2013 ஜனவரி 12, டென்வர்ல எலும்பு விறைக்கிற குளிர்ல, பால்டிமோருக்காக ஆடினவர். 35-28னு பின்னாடி, அரை நிமிஷத்துச் சொச்சம்தான் மிச்சம். ஜகோபி ஜோன்ஸுக்கு வானத்துல ஒண்ணு தூக்கிப் போட்டார். டென்வர் சேஃப்டி ரஹீம் மூர் பின்னாடியே போய், ஒரு அடி முன்கூட்டியே எம்பிட்டார். பந்து அவர் தலைக்கு மேல போய் 70 யார்டு டச் டவுன். ஓவர்டைம்ல பால்டிமோர் ஜெயிச்சு, அந்த வருஷம் கோப்பையே வாங்குச்சு. ஒரு சேஃப்டியோட ஒரு அடித் தப்புல ஃப்ளாக்கோவுக்கு ஒரு மோதிரம். மூர் பேரை இன்னைக்கும் டென்வர்ல சொன்னீங்கன்னா அந்த ஒரு எம்பல்தான் ஞாபகம் வரும். அந்த சீசன் முழுக்க அவர் சரியா நின்ன நூத்துக்கணக்கான தடவை எவனுக்கும் ஞாபகம் இல்ல.

12 வருஷம் கழிச்சு கணக்கு இந்தப் பக்கம் திரும்புச்சு. சிகாகோ குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் நடுவுல ஒண்ணு வீசினார். கோல்ஸ்டன் லவ்லாண்ட், முதல் வருஷப் பையன், பிடிச்சான். டிவியில சேஃப்டிங்க முழுசாத் தெரிஞ்சாங்க. தெரிஞ்சப்பவே வயித்துல ஒரு கலக்கம். ஆளு நடுவுல, இவங்க ரெண்டு பக்கமும். கட்டிப் பிடிக்க வேண்டிய இடத்துல மோதல். மோதினவங்க சிதறினாங்க, பையன் லேசாத் தடுமாறி நிமிர்ந்து ஓடினான். அவனுக்குப் பின்னாடி சாக்கடை மட்டும்தான். 58 யார்டு. 17 செகண்டு மிச்சம்.

ஸ்டோனையும் பேட்டிலையும் அன்னைக்கு ராத்திரி ஊரே கிழிச்சுது. நானும் நல்லாத் திட்டினேன், நியாயம்தான். ஒரு ஆளைக் கட்டிப் பிடிக்கிறது அவங்க வேலை, பிடிக்கல. ஆனா அவங்களை அங்க நிக்க வச்சது 2023 மார்ச்சுல ஒரு மீட்டிங் ரூம். அந்த ரூம்ல உக்காந்திருந்த யாரையும் டிவியில ஸ்லோ மோஷன்ல காட்டல. இதை எழுதும்போது எனக்கு என் பைவட் ஷீட்தான் கண்ணு முன்னாடி வருது, வேற என்ன சொல்ல.

தாத்தாகிட்ட இருந்து மெசேஜ். திட்டே இல்ல. ரெண்டு பேருமே இடிக்கப் போனாங்க, ஒருத்தன் நின்னிருக்கணும், பந்தை முன்னாடி வச்சிருக்கணும், அப்படின்னு நாலு வரி. நான் அதுக்குப் பதில் எழுதாம, அந்த ஏப்ரல் ஷீட்டை நான்தான் போட்டேன்னு அடிச்சேன். டமேஜர் கேட்டப்ப தெரியலன்னு சொன்னதையும் சேர்த்து. அனுப்பறதுக்கு அரை மணி நேரம் ஆச்சு. அனுப்பினப்புறம் போனைக் கவுத்து வச்சுட்டு பாத்திரம் கழுவினேன்.

பதில் இருந்துச்சு. "தெரியும். மீட்டிங்ல அந்த ஃபைலைத்தான் என்கிட்டக் காட்டினாங்க. ப்ராப்பர்ட்டீஸ்ல உன் பேரு இருந்துச்சு."

அதாவது ஏழு மாசமா மனுஷனுக்குத் தெரியும். விடியக்காலை போனை எடுக்கும்போதும் தெரியும். இதுக்குப் பேருதான் நம்ம பாஷையில சொ.செ.சூ.

அதுக்குக் கீழ இன்னொரு மெசேஜ். "வர்ற ஞாயிறு ஆட்டம் இல்ல, பை வீக். 16-ஆம் தேதி பிட்ஸ்பர்க். வீட்டுக்கு வா. சில்லி நான் பண்றேன்."

போனேன். சின்சினாட்டி சில்லின்னா நூடுல்ஸ் மேல லவங்கப்பட்டை வாசத்தோட கொத்துக்கறிக் குழம்பு, அது மேல ஒரு மலைச் சீஸ். முதல் தடவை பார்க்கறவனுக்கு அழுகை வரும், மூணாவது தடவை பழகிடும். அந்த ஷீட்டைப் பத்தி அவரும் பேசல, நானும் பேசல. மார்ச்சுல கடிகாரத்தை முன்னாடி தள்ளும்போது என்ன பண்ணணும்னு ஒரு காகிதத்துல எழுதி வாங்கிக்கிட்டேன். ஆட்டம் முழுக்க "ஸ்டோனைப் பாரு, ஸ்டோனைப் பாரு"ன்னு டிவியில இல்லாத ஆளைக் காட்டிட்டே இருந்தார். 34-12னு தோத்தாங்க.